நடுவில் நிற்க வேண்டிய குரல்

குறைந்த காசோடு ஸ்டீரியோ வாங்க வருகிறவர்களிடம் "எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "என்ன கேக்கப் போறீங்க?" என்றுதான் கேட்பேன். நாள் முழுக்கச் செய்தி கேட்கிறவருக்கு ஒன்று, ஆட்டம் போடுகிறவருக்கு வேறொன்று. பணம் கம்மியாக இருந்தால் அதில் பாதியை ஸ்பீக்கரில் போடச் சொல்வேன். மீதியில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். மின்னுகிற விளக்கும் பொத்தானும் பாடாது, ஸ்பீக்கர்தான் பாடும். இதைச் சொல்லிச் சொல்லியே, அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இருபத்தாறு வருடம் கடை நடத்திவிட்டேன். பழைய செட்டுகளை வாங்கி, பிரித்துச் சரிசெய்து, மறுபடி விற்கிற கடை. என் பெயர் லைல் ஹாகன், நார்வேயிலிருந்து வந்து குடியேறிய வம்சம். ஊரில் பாதிப் பேர் என்னைக் கர்வம் பிடித்தவன் என்பார்கள். மீதிப் பேர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ரெய்னோ லாதி வந்தது ஒரு அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை. எழுபது வயது இருக்கும், ஃபின்லாந்து வம்சம். இரும்புத்தாது கப்பலேற்றும் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றாமல் கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார்.

"நானூறு டாலர் இருக்கு. அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது."

"என்ன கேக்கப் போறீங்க?"

"நான் எதையும் கேக்கப் போறதில்ல. என் காது தகர டப்பா. வீட்டுக்காரிக்கு."

அப்புறம் சொன்னார். மனைவி பெயர் ஐலி. இளம் வயதில் தேவாலயக் குழுவில் பாடியவர். எழுபத்தொன்றாம் வருடம் அந்தக் குழு பாடியதை ஒரு இசைத்தட்டாகப் போட்டார்கள். அதில் ஒரு பாட்டில் ஐலி தனியாகப் பாடுகிறார். இரண்டு நிமிடம். போட்டதே இருநூறு தட்டுதான், இப்போது வீட்டில் இருப்பது ஒன்று. பழைய பிளேயர் செத்து இருபது வருடமாகிறது, அன்றிலிருந்து அந்தத் தட்டை உறையிலிருந்து எடுக்கவில்லை. போன வசந்தத்தில் ஐலியின் தொண்டையில் புற்றுநோய். வெட்டி எடுத்ததில் குரல் போய்விட்டது. இப்போது கரகரவென்று காற்றுதான் வருகிறதாம்.

"எனக்கு எப்படிப்பட்ட குரல் இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டுட்டா போதும்ங்கறா. இந்த வருஷம் தாண்டுவாளான்னு டாக்டர் உறுதியாச் சொல்லல. அதான்."

"தட்டைக் கொண்டு வந்திருக்கீங்களா? அதைப் போட்டுப் பாத்துத்தானே எடுக்கணும்?"

"வீட்டைவிட்டு வெளிய விட மாட்டேங்கறா. ஒண்ணுதானே இருக்கு."

"அப்ப அவங்களையாவது கூட்டிட்டு வாங்க. கேக்கப் போறவங்க இல்லாம ஸ்பீக்கர் எடுக்கறது, கால் இல்லாம செருப்பு எடுக்கற மாதிரி."

"படியிறங்க முடியல அவளால." கடைத் தொலைபேசியைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணலாம். ஃபோன்ல கேக்க வைக்கலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தொலைபேசியில் என்ன கேட்கும்? மேல் சுரமும் இல்லை, கீழ் சுரமும் இல்லை, நடுவில் ஒரு கீச்சுக் குரல். சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்குள் எண்ணைச் சுழற்றிவிட்டார். நானும் போனால் போகட்டும் என்று, ஒரு பெண் பாடும் தட்டைப் போட்டு, நான்கு ஜோடி ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். ரெய்னோ ஒவ்வொன்றின் முன்னாலும் போய், வயர் எட்டும் வரைக்கும் இழுத்து, குனிந்து, ரிசீவரைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார். கடைக்கு வந்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

நான்கும் முடிந்ததும் ரெய்னோ ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உன்கிட்ட பேசணுமாம்."

கரகரப்பான ஒரு கிசுகிசுப்பு. "மூணாவது. மூணாவதுல மட்டும் அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கறது தெரிஞ்சுது."

மூன்றாவது, மூலையில் கிடந்த ஒரு சின்னப் பழுப்பு நிற ஜோடி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையிலேயே நல்லது அதுதான் என்று எனக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வருடத்தில், நான் வாய் திறக்காமல் அதைச் சரியாகக் கைகாட்டிய முதல் ஆள் அந்த அம்மாள். அதுவும் தொலைபேசியில். அவருடைய காதின் தரம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாது என்று பிறகு நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

விலைக்கு வந்தோம். பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மூன்றுமாக நானூற்று நாற்பது வந்தது.

"நாப்பதைத் தள்ளிக் குடு."

"தள்ள இடமில்லீங்க."

"நார்வேக்காரன் கடைக்கு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"ஃபின்லாந்துக்காரர் பையில நானூறுன்னா சாக்ஸுக்குள்ள இன்னொரு நானூறு இருக்கும். ஊருக்கே தெரியும்."

"இருந்துது. மருந்துக்கடைக்காரன் சாக்ஸோட உருவிட்டுப் போயிட்டான்."

அந்த இடத்தில் நான் நாற்பதை விட்டிருக்க வேண்டும். விடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "பஜார்ல பெரிய கடையில முந்நூறுக்கே இதைவிடப் பெருசாத் தரான். கலர் கலரா விளக்கெல்லாம் எரியுது."

என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. "சரிங்க," என்றேன். "அந்த நாப்பது, நான் வீட்டுக்கு வந்து மாட்டித் தர்றதுக்குக் கூலி. அது வேணாம்னா நானூறு."

பொய். மாட்டித் தருவதற்கு நான் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. விற்கிற ஒவ்வொரு செட்டையும் நானே கொண்டுபோய், நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஸ்பீக்கரை நகர்த்தி நகர்த்தி வைத்து, வயர் கொடுத்து, ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். அது என் கடையின் பழக்கம், என் பெருமையும்கூட. கோபத்தில் அதற்கு ஒரு விலை வைத்தேன்.

"ரெண்டு வயர் மாட்ட நாப்பது டாலரா?" ரெய்னோ வாய்விட்டுச் சிரித்தார். "பேஸ்மெண்ட்ல விளக்கு வயர் ஒரு சுருள் கிடக்கு. நானே மாட்டிக்கறேன்."

"உங்க இஷ்டம்."

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு திருகுகள் இருக்கும். ஆம்ப்ளிஃபயரிலும் அப்படித்தான். சிவப்பிலிருந்து சிவப்புக்கு, கறுப்பிலிருந்து கறுப்புக்குப் போக வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் அது மாறிவிட்டால் ஒன்றும் எரிந்துவிடாது, பாட்டும் நிற்காது. ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். முதலில் சாவது நடுவில் நின்று தனியாகப் பாடுகிறவரின் குரல்தான். விளக்கு வயரில் இரண்டு இழையும் ஒரே நிறம். ஒன்றில் மட்டும் மெல்லிய வரிப்பு ஒன்று ஓடும். நகத்தால் தடவினால்தான் தெரியும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிக் கொடுத்து, கதவைக்கூடத் திறந்துவிடாமல் நின்றேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. கடையில் மூன்று பேர் ஒரே பிளேயருக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐலி லாதி பேசறேன் தம்பி."

"கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். நாலு தடவை." பேசுவதற்கு நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினார். "உங்களை ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும். எல்லாரும் சேர்ந்து பாடறது கேக்குது. நான் தனியாப் பாடற இடம் வந்தா அங்க ஆளே இல்லை. குரல் எங்கயோ சுவர் ஓரமாப் போகுது, உமி மாதிரி. கனமே இல்லை. மருந்தால காது போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். இது என் காதா, இல்ல செட்டா? ரெய்னோகிட்ட கேக்க முடியாது. இருந்ததையெல்லாம் இதுல போட்டுட்டு, நான் கேக்கும்போது என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கார்."

இந்தத் தொழிலில் ஆறு மாதம் இருந்தவன்கூட இதைக் கேட்டதும் சொல்லுவான்: வயரைப் பாருங்க, ரெண்டு பக்கமும் சிவப்பு சிவப்புல இருக்கா? மாதத்தில் பத்துப் பேரிடமாவது நான் அதைக் கேட்கிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னதில் "செட்டா?" என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. பெரிய கடை, கலர் விளக்கு, நாற்பது டாலர் எல்லாம் திரும்பி வந்தது.

"செட் நல்லா இருக்கும்மா. ரெண்டு வாரம் நானே ஓட்டிப் பாத்தது. கோளாறு உள்ள சாமான் என் கடைப் படியைத் தாண்டாது."



"அப்ப சரி தம்பி. நன்றி."

நான் திரும்பிப் போய் அந்தப் பிளேயரை மூவரில் ஒருவருக்கு விற்றேன். மத்தியானச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. அந்த அம்மாளை மறந்தே போனேன்.

ஏப்ரலில் ரெய்னோ கூப்பிட்டார். "ஐலி ஜனவரியில போயிட்டா. இந்தச் செட்டை வந்து எடுத்துக்க. உனக்குத் தோணறதைக் குடு, பேரம் பேச மாட்டேன்."

புதன்கிழமை போனேன். மலைச்சரிவில் சின்ன மர வீடு. ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரம் குவிந்துகிடந்தது. ரெய்னோ கதவைத் திறந்தார். இந்த ஆறு மாதத்தில் சட்டைக்குள் ஆளே சுருங்கிப்போயிருந்தார்.

"அந்த ரூம்ல இருக்கு. நான் காப்பி போடறேன்."

உள்ளே போய்ப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலோரம் ஐலியின் நாற்காலி, மேலே மடித்துப் போட்ட கம்பளி. எதிரே இரண்டு ஆப்பிள் பெட்டிகளை இழைத்து, வர்ணமடித்து, அதன்மேல் ஸ்பீக்கர்கள். உட்கார்ந்தால் சரியாகக் காது உயரம். நாற்காலிக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே அளவு பிசகாத இடைவெளி. தரையில் பென்சில் கோடுகூட அழியாமல் இருந்தது. கேட்காத காதை வைத்துக்கொண்டு, மனிதர் எங்கேயோ படித்து, அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறார். நான் வந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டேன்.

வயரைக் கழற்றக் குனிந்தேன். விளக்கு வயர், சுவரோரமாக ஒழுங்காக ஆணியடித்துக் கொண்டுபோயிருந்தார். பழக்கதோஷத்தில் நகத்தால் தடவினேன். வலது பக்கம் வரிப்பு உள்ள இழை சிவப்பில் இருந்தது. இடது பக்கம் அது கறுப்பில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே இரண்டு வரிப்பும் சிவப்பில்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆளே இல்லை என்று ஐலி ஃபோனில் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது சத்தமில்லாமல் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதுதான். யாருக்குத் தெரியப் போகிறது? ரெய்னோவின் காதுக்கு ஒருநாளும் தெரியாது.

பிளேயரின் மூடிக்குள் அந்தத் தட்டு அப்படியே இருந்தது, மேலே தூசியோடு. அதைப் பார்த்த பிறகு பிடுங்க மனம் வரவில்லை. இடது பக்கத்து இரண்டு இழைகளையும் கழற்றி மாற்றிப் போட்டேன். தட்டைத் துடைத்து முள்ளை வைத்தேன். ஐலியின் நாற்காலியில் உட்காரத் தைரியமில்லாமல் அதன் பின்னால் நின்றேன்.

குழு பாடியது. பிறகு அவர்கள் அடங்க, ஒரு பெண் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், வெறும் சுவர் இருந்த இடத்தில், ஒரு ஆள் உயரத்தில் ஐலி நின்று பாடினார். தாழ்ந்த, கனமான, அவசரமே இல்லாத குரல். மேலே போகும்போது மெலியவில்லை, இன்னும் அகலமாயிற்று. எவ்வளவோ பேர் பாடிக் கேட்டவன் நான், எளிதில் யாரையும் மெச்சாதவன். எனக்கு உடம்பு சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. இந்தக் குரலைத்தான் அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டிருக்கிறார்.

ரெய்னோ இரண்டு காப்பிக் கோப்பைகளோடு வந்தார். "ஓடுதான்னு பாக்கறியா? ஓடும். நல்லாத்தான் வச்சிருந்தேன்."

"ரெய்னோ, முந்திக் கேட்டதுக்கும் இதுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

கொஞ்சம் கேட்கிற பக்கத்துக் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். முகத்தைச் சுருக்கினார். "இல்லையே. அதே பாட்டுதான். ஏன்?"

இப்போதுகூடப் பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஒரு பக்கம் வயர் மாறியிருந்துது. அதனால அவங்க தனியாப் பாடற இடம் மட்டும் சரியா வந்திருக்காது. இப்ப மாத்திட்டேன்."

கோப்பைகளை ஜன்னல் திட்டில் மெதுவாக வைத்தார். "நான் மாட்டினதா?"

"நீங்க மாட்டினதுதான். ஆனா நான் வந்து மாட்டியிருக்கணும். அந்த நாப்பது டாலர் கூலின்னு சொன்னது பொய். நான் யார்கிட்டயும் வாங்கினதில்ல. உங்க மேல கோவத்துல சொன்னேன். அப்புறம் அவங்களே எனக்கு ஃபோன் பண்ணாங்க. செட்டுல கோளாறான்னு கேட்டாங்க. நான்…"

"தெரியும். ஃபோனை வச்சுட்டு என்கிட்ட சொன்னா, செட் நல்லா இருக்காம்னு. அதுக்கப்புறம் இதைப் போடவே இல்ல."

"காது போயிடுச்சுன்னு நினைச்சுட்டாங்க இல்லையா?"

"முதல்ல அப்படித்தான் நினைச்சா." நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "டிசம்பர்ல காதை டெஸ்ட் பண்ணாங்க. காதுக்கு ஒண்ணுமில்ல, சின்னப் பொண்ணு காது மாதிரி இருக்குன்னு டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நல்ல சேதின்னு ஒண்ணு கேட்டே பல மாசம் ஆயிருந்துது. திரும்பிப் பாக்கறேன், அவ மூஞ்சி செத்துப்போச்சு. வீட்டு வாசல்ல வந்து சொன்னா, 'செட்டும் நல்லா இருக்கு, காதும் நல்லா இருக்கு ரெய்னோ. அப்ப நான் பாடினதுதான் அப்படி. இத்தனை வருஷமா ஊர்ல எல்லாரும் மரியாதைக்குச் சொல்லியிருக்காங்க.' இப்பத்தான் எனக்கு அது முழுசாப் புரியுது."

பாட்டு முடிந்து முள் அடுத்ததற்குப் போயிருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"சரிபண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "ஒரு நிமிஷம்."

தலையை ஆட்டினார். என்னைத் திட்டுவார், கையில் கிடைப்பதை எடுத்து வீசுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் அந்தக் கம்பளியின் ஓரத்தைத்தான் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெய்னோ, அவங்க ரொம்ப ரொம்ப நல்லாப் பாடியிருக்காங்க. மரியாதைக்குச் சொல்லல. இவ்வளவு வருஷத்துல இப்படி ஒரு குரலை நான் அதிகம் கேட்டதில்ல. சத்தியமா."

"எனக்குத் தெரியாதாப்பா? அன்னிக்கு மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். அப்ப எனக்குக் காது நல்லாக் கேக்கும்." அவர் குரல் உடைந்தது. "நல்லாத்தான் பாடினே, நல்லாத்தான் பாடினேன்னு கடைசி வரைக்கும் சொன்னேன். செவிட்டுப் புருஷன் சொல்றதை யார் நம்புவா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு நீ சொன்னதை நம்பிட்டா."